புரூனோவின் ஆறு சனிக்கிழமைகள்

என்னிடம் இருக்கும் தாளில் "டிசம்பர் 19" என்று தேதி போட்டிருக்கிறது. வருடம் இல்லை. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரே பக்கம். மேலே "புரூனோவைப் பார்த்துக்கொள்பவருக்கு" என்று தலைப்பு, கீழே எண்ணிட்ட பதினோரு விதிகள், அடியில் எங்கள் எஸ்டேட் மேனேஜர் துரையின் மனைவி இட்ட கையெழுத்து. அப்போது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன் என்பதை வைத்து வருடத்தைக் கணக்கிட்டுவிட்டேன். இங்கே எழுதினால் அந்தத் துரை யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதால் எழுதவில்லை.

புரூனோ ஒரு டாஷ்ஹண்ட். காபிப்பொடி நிறம், நீள உடம்பு, நான்கு விரற்கடைக் கால்கள். துரைக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றல் வந்தது. போகும் இடத்தில் நாய் வளர்க்க அனுமதி இல்லையாம். பங்களா காரை ஓட்டிக்கொண்டிருந்தவர் அப்பா. முன் சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டை மேற்பார்வை பார்த்துக்கொண்டு வருவது புரூனோவின் வழக்கம். "நீயே வைத்துக்கொள்" என்று துரை சொன்னபோது, முடியாது என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. ஒரு மெத்தை, ஒரு தட்டு, ஒரு வார், இந்தத் தாள் இவற்றோடு நாயைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

எங்கள் லயம் மூணாறிலிருந்து போடிமெட்டு போகும் சாலைக்கு மேலே, ஒரு சரிவில் இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு வீடுகள். ரோட்டிலிருந்து வீட்டு வாசலுக்கு இருபத்தாறு படிகள். அப்போதே எண்ணி வைத்திருந்தேன், போன மாதம் போய் மறுபடியும் எண்ணினேன், இருபத்தாறுதான்.

வந்த அன்று மாலை லயமே எங்கள் வாசலில் கூடியது. பக்கத்து வீட்டு அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு புரூனோவை மூக்கிலிருந்து வால்வரை ஒருமுறை பார்த்தார், பிறகு வாலிலிருந்து மூக்குவரை பார்த்தார்.

"இது ஒரு நாயா, ரெண்டு நாய ஒட்ட வச்சதாண்ணே?" என்று அப்பாவைக் கேட்டார்.

சித்தப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தார். வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர் அவர்தான். விதிகளை ஒவ்வொன்றாக உரக்க வாசித்துத் தமிழில் சொன்னார். இரண்டாம் விதி: தூக்கும்போது இரண்டு கைகளும் வேண்டும், ஒன்று நெஞ்சுக்குக் கீழே, ஒன்று பின்பக்கத்துக்குக் கீழே. ஏழாம் விதி: ஒரு நாளைக்கு இரண்டு வேளைச் சாப்பாடு, அளந்து வைக்க வேண்டும், எடை எட்டரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. ஒன்பதாம் விதி: தனக்குப் பசிக்கிறது என்று சொல்லுவான், நம்ப வேண்டாம்.

நான்காம் விதியை வாசித்தபோதுதான் அப்பா எழுந்து வெளியே போனார். புரூனோ படி ஏறக் கூடாது, இறங்கக் கூடாது, எங்கிருந்தும் குதிக்கக் கூடாது என்றது அது. அப்பா வாசலில் நின்று கீழே இறங்கும் இருபத்தாறு படிகளையும் சிறிது நேரம் பார்த்தார். திரும்பி வந்து, வண்டிக்காரர் முறையில் எங்களுக்கு விளக்கினார்.

"சேசிஸ் நீளம் ஜாஸ்தி, வீலு சின்னது. மேடு பள்ளத்துல நடு தட்டத்தான் செய்யும். நடு போச்சுன்னா வண்டியே போச்சு."

அன்று முதல் புரூனோவைப் படியில் தூக்கிக்கொண்டு போவது வீட்டில் ஒரு வேலை ஆனது. காலையில் சித்தப்பா இறக்கி ஏற்றுவார், மாலையில் அப்பா. இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, பிறந்த குழந்தையைக் கோவிலுக்குக் கொண்டுபோவது போல ஒவ்வொரு படியாகக் கால் வைப்பார்கள். புரூனோ அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டான். எதிரே வருபவர்களைக் கையில் இருந்தபடியே குரைத்து விலகச் சொல்லுவான்.

அவனை வளர்ப்பதில் எஸ்டேட்டுக்கே உரிய சில சிக்கல்கள் இருந்தன. அம்மா தேயிலைக் கொழுந்து கிள்ளப் போகிறவள். அட்டைக்காகக் காலில் ஒற்றிக்கொள்ள உப்புக் கட்டிய துணி ஒன்று வைத்திருப்பாள். மற்ற நாய்களுக்குக் காலில் ஏறும் அட்டை புரூனோவுக்கு நேராக வயிற்றிலேயே ஏறியது, வயிறு புல்லுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. அதனால் தினமும் மாலையில் அம்மா முதலில் தன் காலுக்கும் பிறகு அவன் வயிற்றுக்கும் உப்புத்துணி ஒற்றுவாள். அவன் மல்லாந்து படுத்து நான்கு கால்களையும் மேலே வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். இரவு என் கம்பளிக்குள் கால்மாட்டில் நுழைந்து தலைமாட்டில் வெளியே வருவான். கொல்லைப்பக்கம் அம்மா போட்டிருந்த உருளைக்கிழங்குப் பாத்தியை ஒரே மதியத்தில் தோண்டி, விளைந்ததையும் விளையாததையும் வரிசையாக வாசலில் கொண்டுவந்து வைத்தான். அம்மா திட்டவில்லை. மண்வெட்டிக்காரனுக்குக் கொடுக்கும் கூலி மிச்சம் என்றாள்.

நான்காம் விதியை இவ்வளவு கவனமாகக் காத்த நாங்கள் ஏழாம் விதியில் கோட்டை விட்டோம். எங்கள் வீட்டில் அளந்துதான் வைத்தோம். மற்ற பதினோரு வீடுகளையும் யாரும் அளக்கவில்லை. புரூனோ வரிசையாக ஒவ்வொரு வாசலிலும் போய் உட்காருவான். கெஞ்ச மாட்டான், வாலாட்ட மாட்டான். வீட்டுக்காரர்களை நிமிர்ந்து பார்த்து ஒரு பெருமூச்சு விடுவான். அதற்குமேல் யாரால் தாங்க முடியும்? ஒரு வீட்டில் ஒரு துண்டு இட்லி, அடுத்த வீட்டில் கருவாட்டுத் தலை, அதற்கடுத்த வீட்டில் சோறு. ஒவ்வொரு வீடும் தான் மட்டும்தான் அந்த வாயில்லாப் பிராணிக்கு இரங்குவதாக நம்பியது. சித்தப்பா ஃபேக்டரி கேன்டீனிலிருந்து பாதி பரோட்டா மடித்துக்கொண்டு வந்தது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. கொழுந்து எடை போடும் சூப்பர்வைசர்கூடச் சட்டைப்பையில் பிஸ்கட் வைத்திருந்தார். பொங்கலுக்குப் பிறகு புரூனோ நடக்கும்போது வயிறு தரையைப் பெருக்கத் தொடங்கியது. அது மயிர் வளர்ந்ததால் என்று நாங்கள் நினைத்தோம்.

மே மாதம் முதல் திங்கள்கிழமை காலையில் அவன் இடது பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தான். அப்பா வண்டியைக் கேட்டு வாங்கி வந்தார். மூணாறு மிருகாஸ்பத்திரிக்கு நானும் போனேன், பள்ளிக்கூட விடுமுறை. அங்கே இருந்த டாக்டரம்மா மலையாளி, எங்களோடு தமிழும் மலையாளமுமாகப் பேசுவார். புரூனோவை மேசைத் தராசில் நிறுத்தினார். பதினொன்றரைக் கிலோ. ஐந்தே மாதத்தில் மூன்று கிலோ.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல ஒன்று இருக்கிறது, இந்த ஜாதிக்கு அது சீக்கிரம் பிதுங்கும், வயிற்றுப் பாரம் அதைக் கீழே இழுக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். ஆறு வாரம் பெட்டிக்குள் ஓய்வு. படியே கூடாது. எடை ஒன்பதுக்கு வர வேண்டும். சனிக்கிழமைதோறும் எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும், ஒன்பது வந்து, ஆறு வாரமும் முடிந்த பிறகு மெல்ல நடக்கவிடலாம். அதற்குள் இரண்டு பின்னங்காலும் போய்விட்டால் என்ன செய்வது என்று அப்பா கேட்டார். அப்போது பேசிக்கொள்ளலாம் என்றவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மருந்துச் சீட்டு எழுதக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவின் அர்த்தம் எனக்குப் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளை அறுத்து நீளமாக ஒரு பெட்டி அடித்தார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பதினோரு வீடுகளுக்கும் போனாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சு. நாங்க எங்க போட்டோம், ஒரு வாய்தான், அதுவும் என்னைக்காவது. ஒரு வாயைப் பதினொன்றால் பெருக்கிச் சொன்னதும்தான் முகங்கள் மாறின. பக்கத்து வீட்டு அத்தை மட்டும் கடைசிவரை வாதாடினார்.

"பெருமூச்சு விடுதானே புள்ள. மனுசன் விட்டாக் கண்டுக்கிடாமப் போயிரலாம்."

வட்டவடையிலிருந்து மூணாறுக்குக் காய்கறி ஏற்றி வரும் ஜீப் டிரைவர் சித்தப்பாவுக்குச் சிநேகிதர். அவரிடம் சொல்லி, உடைந்த கேரட்டுகளை ஒரு பையில் வாங்கி வந்தார் சித்தப்பா. வேகவைத்த கேரட்டைப் புரூனோ முதல் நாள் பெட்டிக்கு வெளியே தள்ளிவிட்டான். இரண்டாம் நாள் மோந்து பார்த்தான். மூன்றாம் நாள் அத்தை வந்து, கருவாடு ஊறவைத்த தண்ணீரை அதன்மேல் நாலு சொட்டுத் தெளித்தார். தின்றுவிட்டான். அதன் பிறகு பதினோரு வீட்டுக்காரர்களும் அவனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் கேரட்தான் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடானது.

எடை எழுதும் பொறுப்பு எனக்கு. ஒரு நாற்பது பக்க நோட்டில் ஸ்கேல் வைத்து நான்கு கட்டங்கள் போட்டேன்: தேதி, கிழமை, எடை, குறிப்பு. வருடத்துக்குக் கட்டம் போடவில்லை. இருப்பதே ஒரு வருடம்தான் என்பது அந்த வயதின் நினைப்பு. அந்த நோட்டும் இப்போது என் முன்னால் இருக்கிறது.

நாயை எடை போட லயத்தில் தராசு கிடையாது. இருந்த ஒரே தராசு கொழுந்து எடை போடும் ஷெட்டில் இருந்தது. மாலையில் பெண்கள் கிள்ளிய கொழுந்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். உத்தரத்திலிருந்து ஒரு வட்டத் தராசு தொங்கும். அதன் முகம் சூப்பர்வைசரின் மேசையைப் பார்த்து இருக்கும், பெண்கள் பக்கம் அதன் முதுகு. சாக்கைக் கொக்கியில் மாட்டியதும் அவர் முள்ளைப் பார்த்து எடையைக் கூப்பிடுவார். பக்கத்தில் இருப்பவர் கூலிக் கணக்கில் எழுதிக்கொள்வார். சாக்கு இறங்கும், அடுத்தது ஏறும்.

சனிக்கிழமை எல்லோருடைய எடையும் முடிந்தபின் புரூனோவின் முறை. அப்பா அவனை இரண்டு கைகளால் ஏந்தி வந்து, ஒரு சுத்தமான சாக்குக்குள் பலகை வைத்துப் படுக்கவைத்து, நான்கு முனையையும் சேர்த்துக் கொக்கியில் மாட்டுவார். சாக்கிலிருந்து மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அம்மா அந்த நேரத்தில் மற்ற பெண்களோடு லாரியில் கொழுந்தைக் கொட்டிக்கொண்டிருப்பாள். நான் தராசின் முதுகுக்குப் பின்னால் பென்சிலும் கையுமாக நிற்பேன். பலகையையும் காலிச் சாக்கையும் முதலிலேயே மாட்டி முள்ளைப் பூஜ்யத்தில் திருத்தி வைத்திருப்பதால், நாயின் எடையை மட்டும் சூப்பர்வைசர் கூப்பிடுவார். நான் எழுதுவேன்.

மே முதல் சனி, பதினொன்றரை. இரண்டாம் சனி, அதே பதினொன்றரை. மூன்றாம் சனி, பதினொன்று. நான்காம் சனி, பதினொன்று. இந்த நான்குக்கும் குறிப்புக் கட்டத்தில் "வெயில்" என்று எழுதியிருக்கிறேன். நான்காம் சனிக்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. இரண்டு வாரமே மீதி, இரண்டு கிலோ மீதி. பெட்டியில் படுத்தபடி அவன் பெருமூச்சு விடும்போதெல்லாம் டாக்டரம்மா குனிந்து எழுதியது நினைவுக்கு வரும்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது, மழையும் தொடங்கியது. முதல் சனிக்கிழமை நல்ல மழை. சூப்பர்வைசர் முள்ளைப் பார்த்து ஒன்பதரை என்று கூப்பிட்டார். நான் மறுபடி கேட்டேன். ஒன்பதரைதான் என்றார். அவருக்கும் சந்தோஷம், மேசையைத் தட்டினார். ஒரே வாரத்தில் ஒன்றரைக் கிலோ. லயத்தில் அன்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கேரட்டின் குணம் என்றார் சித்தப்பா. மாரியம்மனுக்குத் தான் நேர்ந்துகொண்டதுதான் என்றார் அத்தை. குளிரில் உடம்பு கொழுப்பைத் தின்னும், வண்டிகூட மழைக்காலத்தில் டீசல் அதிகம் குடிக்கும் என்றார் அப்பா. இரண்டாம் சனிக்கிழமையும் மழை. ஒன்பது. நோட்டில் அந்த ஒன்பதைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டிருக்கிறேன்.

மறுநாள் ஞாயிறு காலை, மழை விட்டிருந்தது. ஆறு வாரமும் ஆயிற்று, ஒன்பதும் வந்தாயிற்று. மெல்ல நடக்கவிடலாம் என்ற டாக்டரம்மாவின் வார்த்தையில் "மெல்ல" என்பது எங்களுக்கு மறந்துவிட்டது. அப்பா பெட்டியின் முன்பலகையைக் கழற்றினார். புரூனோ வெளியே வந்து சோம்பல் முறித்தான். யாரும் எதிர்பார்க்கும் முன்னே இருபத்தாறு படியிலும் இறங்கி ரோட்டுக்குப் போய்விட்டான். சுற்றுலாக்காரர்கள் வந்த ஒரு ஜீப்பைப் பார்த்து, ஆறு வாரம் சேர்த்து வைத்த குரைப்பையெல்லாம் குரைத்தான். பதினோரு வீட்டுக்காரர்களும் வாசலில் நின்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவன் பின்னால் ஓடியதும் நான்தான்.

ஏறும்போது ஒன்பதாம் படியில் உட்கார்ந்துவிட்டான். கூப்பிட்டேன். முன்கால்கள் எழுந்தன. பின்பக்கம் வரவில்லை. அவன் திரும்பித் தன் பின்கால்களை, யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது போலப் பார்த்தான். இரண்டு கைகளாலும் தூக்கினேன். பின்னங்கால்கள் இரண்டும் தொங்கின.

திங்கள்கிழமை மிருகாஸ்பத்திரித் தராசு பத்தரை காட்டியது. டாக்டரம்மா என் நோட்டை வாங்கிப் பார்த்தார். வட்டம் போட்ட ஒன்பதையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மோளே, ஆசையுண்டு, சரி. ஆனா கள்ளம் எழுதக் கூடாது, கேட்டோ. இவன்தான் கஷ்டப்படுவான்."

நான் பொய்யாக எழுதவில்லை என்று சொல்ல வாய் திறந்தால் அழுகைதான் வந்தது. அவர் புரூனோவின் பின்கால் விரல் ஒன்றை அழுத்திக் கிள்ளினார். அவன் தலையைத் திருப்பி முறைத்தான். வலி தெரிகிறது, அது நல்லது என்றார். ஊசி போட்டார். மறுபடி பெட்டி, மறுபடி கேரட். மூன்று வாரத்தில் கால் அசைய வேண்டும், அசையவில்லை என்றால் அழைத்து வாருங்கள் என்றார். திரும்பும்போது, லயம் தெரியும் வளைவில், ரோட்டைப் பார்த்தபடியே, நான் குறைத்து எழுதிவிட்டேனா என்று அப்பா மெதுவாகக் கேட்டார். புரூனோவின் காலைவிட அந்தக் கேள்வி பெரிதாக இருந்தது.

மாலையில் அம்மா வந்ததும் எல்லாம் சொன்னேன். அவள் உப்புத்துணியைக் கீழே வைத்துவிட்டு நோட்டை வாங்கினாள். எடைக் கட்டத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். பிறகு குறிப்புக் கட்டத்துக்கு விரல் நகர்ந்தது. வெயில், வெயில், வெயில், வெயில், மழை, மழை.

"நீ முள்ளப் பாத்தியா, அவரு சொன்னதக் கேட்டு எழுதுனியா?" என்றாள்.

சொன்னதைக் கேட்டு எழுதினேன் என்றேன். அவள் நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டுக் கேரட் நறுக்கப் போனாள். அப்பாவிடம் மட்டும், புள்ள எழுதினது சரிதான், சனிக்கிழமை நான் வாரேன் என்றாள்.

அந்தச் சனிக்கிழமையும் மழை. அம்மாவே புரூனோவைச் சாக்கில் படுக்கவைத்து ஷெட்டுக்குக் கொண்டுவந்தாள். கொக்கியில் மாட்டிவிட்டு வழக்கமான இடத்தில் நிற்காமல், மேசையைச் சுற்றிக்கொண்டு சூப்பர்வைசரின் பக்கத்தில் போய் நின்றாள். அந்தப் பக்கம் ஒரு பெண் நின்று நான் பார்த்ததில்லை. அவர் ஒன்பது என்று கூப்பிட்டார்.

"முள்ளு பத்தரையில நிக்கி சார்" என்றாள் அம்மா.

"பத்தரைதாம்மா. மழைக்கழிவு ஒன்றரை போவ" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

மழைக்காலத்தில் கொழுந்து நனைந்திருக்கும். அதனால் ஒவ்வொரு சாக்குக்கும் தண்ணீரின் எடை என்று ஒன்றரைக் கிலோ தள்ளித்தான் கூப்பிடுவார்கள். பல வருடமாகக் கூப்பிட்ட வாய், சாக்கு என்று ஒன்று கொக்கியில் ஏறினால் அதுவாகவே தள்ளிவிடும். உள்ளே இருப்பது நாய் என்பது அந்த வாய்க்குத் தெரியவில்லை.

"நாய்க்குள்ள எங்கிட்டு சார் தண்ணி கெடக்கு?" என்றாள் அம்மா.

முதலில் சிரித்தது பக்கத்து வீட்டு அத்தைதான். பிறகு ஷெட்டே சிரித்தது, லாரியின் மேல் நின்றவர்கள் என்னவென்று கேட்டு ஒரு நிமிடம் தாமதமாகச் சிரித்தார்கள். புரூனோ சாக்குக்குள் இருந்து குரைத்தான். அவனைப் பிழிந்து பாருங்க சார் என்றார் ஒருவர். சூப்பர்வைசர் நல்ல மனிதர், காது வரைக்கும் சிவந்துபோய் அவரும் சிரித்தார். என்னைக் கூப்பிட்டு நோட்டை வாங்கி, இரண்டு மழைச் சனிக்கிழமைகளின் எடையையும் தன் பேனாவால் அடித்து, பதினொன்று என்றும் பத்தரை என்றும் எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கத்தைத் திங்கள்கிழமை அப்பா பள்ளிக்கூடத்துக்கு லீவு போடச் சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் காட்டினார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பெரியவர் ஒருவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல்முறை. நோட்டில் ஜூன் மூன்றாம் திங்கள் என்று அதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

எடை சரியானது, கால் அப்படியே இருந்தது. இரண்டு வாரம் முடிந்தும் அசைவு இல்லை. தினமும் மூன்று வேளை சாக்குத்துணியை அவன் வயிற்றுக்குக் கீழே கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, வெளியே கொண்டுபோய் வந்தோம். பதினோரு வீட்டிலும் ஆள் முறை வைத்து, குடை பிடிக்க ஒருவர், துணி பிடிக்க ஒருவர். மூன்றாம் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, அத்தை தன் வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுத்தார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். புரூனோவின் மூக்கு முதலில் எழுந்தது, பிறகு கழுத்து, பிறகு முன்கால். கடைசியில், ஏதோ மறந்து வைத்ததை நினைவுக்குக் கொண்டுவந்தது போல, வலது பின்னங்கால் தரையை ஒரு உதை உதைத்தது. நான் கத்தியதில் அத்தை கரண்டியோடு ஓடி வந்தார். இடது கால் அடுத்த வாரம் வந்தது, அரைகுறையாக. அது கடைசிவரை அரைகுறைதான். திரும்பும்போது பின்பக்கம் கொஞ்சம் விலகிப் போய்த் திரும்பும். டிரெய்லர் மாட்டின வண்டி என்பார் அப்பா. அந்த வண்டி இன்னும் ஒன்பது வருடம் ஓடியது.

எனக்குப் பிடிபடாத விஷயம் இனித்தான். அந்தச் சிரிப்புக்கு அடுத்த சனிக்கிழமை புரூனோவை எடை போடப் போனபோது, பெண்கள் யாரும் லாரிக்குப் போகவில்லை. எல்லோரும் மேசையைச் சுற்றித் தராசின் முகப்பக்கம் வந்து நின்றார்கள். முள் பத்தேகாலில் நின்றது. பத்தேகால் என்று சூப்பர்வைசர் கூப்பிட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். என் நாயின் எடையில் இவ்வளவு பேருக்கு அக்கறையா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து சித்தப்பாவிடம் சொன்னேன், அவர் அம்மாவைப் பார்த்தார், அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

பிறகு ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஷெட்டை எட்டிப் பார்த்தேன். புரூனோ வீட்டில் பெட்டியில் இருந்தான், அன்று அவன் முறையே இல்லை. ஆனாலும் பெண்கள் அந்தப் பக்கம்தான் நின்றார்கள். ஒவ்வொரு சாக்கு ஏறும்போதும் எல்லாக் கழுத்தும் ஒன்றாக முன்னே நீண்டது. யாரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் முன்னைவிட மெதுவாகக் கூப்பிட்டார். பார்த்துப் பழகிக்கொள்கிறார்கள், அப்போதுதான் சனிக்கிழமை புரூனோவுக்குத் தப்பாகச் சொன்னால் கண்டுபிடிக்க முடியும் என்று நான் முடிவு செய்தேன். "எல்லாரும் முள் பார்க்கப் படிக்கிறார்கள்" என்று அன்றைய குறிப்புக் கட்டத்தில் எழுதியிருக்கிறது, எடைக் கட்டம் காலி.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை அவன் எடை ஒன்பது. முள்ளில் ஒன்பது. மேசையைச் சுற்றி நின்றவர்களை அன்று எண்ணினேன், இருபத்தேழு பேர். எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் கழிவு ஒன்றரையிலிருந்து ஒன்றாகக் குறைந்தது என்று பக்கத்து வீட்டு அத்தை உறுதியாகச் சொல்கிறார். அப்படி எதுவும் குறையவில்லை, மழைதான் அந்த வருடம் குறைவு என்கிறாள் அம்மா. சூப்பர்வைசர் ஓய்வுபெற்றுப் போடிப் பக்கம் போய்விட்டார், விலாசம் கிடைக்கவில்லை. அந்த வருடத்து எடைப் புத்தகங்கள் எஸ்டேட் ஆபீசில் இல்லை என்றார்கள். ஆகவே கழிவு குறைந்ததா என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படாத தகவல்.